தையல் தண்டவாளம்

காலை வெயில் ஆஸ்பத்திரித் திரைச்சீலை வழியே வடிந்து வருகிறது. பருத்த உடம்புக்காரி, நிறைமாத வயிற்றோடு சுவரைப் பிடித்து நிற்கிறாள். படுத்தால் வயிற்று மடிப்பு இடம் மாறிவிடும் என்பதால், ஆபரேஷனுக்கு முன்பு டாக்டரம்மா நிற்கவைத்துத்தான் வெட்டும் இடத்தில் கோடு போடுவார். கனத்த மடிப்பைத் தூக்கிப் பார்க்கிறார். அடியில் வேர்வை மினுங்குகிறது. "இந்த ஈரத்துல வெட்டினா புண்ணு லேசுல ஆறாதும்மா. மடிப்புக்கு மேலயே குறுக்கால போட்டுடறேன். ஆனா தழும்பு வெளிய தெரியும்." அவள், பக்கத்தில் தனக்காக அங்கியைத் தூக்கிப் பிடித்திருக்கும் அம்மாவின் வயிற்றைப் பார்க்கிறாள். புடவைக்குள்ளே, தொப்புளிலிருந்து நேர்கீழாக, இவள் பிறந்த தழும்பு. சின்ன வயதில், மத்தியானத் தூக்கத்தில் அம்மா மல்லாந்து கிடக்க, அதன்மேல் விரலால் ரயில் விடுவாள். ஒவ்வொரு தையல் தடமும் ஒரு ஸ்டேஷன். "கூசுதுடி கழுதை!" என்று அம்மா குலுங்க, ரயில் கவிழும். இப்போது ஊதாப் பேனா தோலில் சில்லென்று ஊர்கிறது. "தெரிஞ்சா தெரியட்டும் டாக்டர். என் பிள்ளைக்கும் ரயில் விடத் தண்டவாளம் வேணும்ல?" அம்மாவின் வயிறு முதலில் குலுங்குகிறது, அதைப் பார்த்து மகளுடையதும். பாதி வழியில் பேனா தடம் புரள்கிறது.