பார்த்தாச்சு

சரிபார்ப்புக்கென வாங்கிய புது மென்பொருள் கருவியில் என் நிரலை ஏற்றி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. 'சரிபார்த்தவர் பெயர்' என்ற கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.

அறையில் நாங்கள் மூன்றே பேர். நான், தூங்குமூஞ்சி, புதுசு. புதுசு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நோயாளியின் உடம்பில் ஏறும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் இயந்திரத்துக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போய்விடும். அதனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகே வெளியே அனுப்புவோம்.

இதுவரை எல்லாம் வாய்ச்சொல்தான். மூன்று மேசைகளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தவை. எழுதியவர் திரும்பாமலேயே "அனுப்பட்டுமா?" என்பார். முதுகுக்குப் பின்னால் "பார்த்தாச்சு" என்று ஒரு தாழ்ந்த குரல் வரும்.

சில நாள் குரல் வரத் தாமதமாகும். அன்றைக்கு என் நிரலில் ஏதாவது ஒரு புள்ளி சரியான இடத்துக்கு நகர்ந்திருக்கும். யாரோ நம் மானத்தைக் காப்பாற்றினார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அந்த 'யாரோ'தான் பிடிக்கவில்லை. நான்கு கருவிகளை மூன்று மாதம் அலசி, பெயர் கேட்கும் கருவிதான் வேண்டும் என்று மேலாளரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். பெயர் விழுந்த நொடியே நிரல் தானாகப் புறப்பட வேண்டும் என்பதும் நான் கேட்டு வாங்கிய வசதி.

பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இயந்திரங்கள் புது நிரலுக்கு மாறும். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

பொறுமை போய் நாற்காலியைத் திருப்பினேன். "எப்பவும் போல பார்த்துட்டு அமுக்க வேண்டியதுதானே? ஒரு பொத்தான்தானே?"

தூங்குமூஞ்சி தலையைச் சொறிந்தார். "எப்பவும் போலன்னா... நான் ஒருநாளும் பார்த்ததில்லைங்க. நீங்க ரெண்டு பேர்ல யாராவது சொல்லிடுவீங்களே."

புதுசும் நாற்காலியைத் திருப்பினாள். 'பார்த்தாச்சு' என்று தானும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்றாள்.

 அவர்கள் எழுதியதை நானும் படித்ததில்லை, குரல் கொடுத்ததும் இல்லை.

மூவரும் நான்காவது சுவரைப் பார்த்தோம். அங்கே யாரும் உட்காராத ஒரு பழைய நாற்காலி கிடந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்தே அது அங்கேதான் கிடக்கிறது.

தொலைபேசி அடித்தது. மருத்துவமனை. புதுசு பதறிப்போய் பொத்தானை அமுக்கிவிட்டாள். அவள் ஒரு வரியும் படிக்கவில்லை. கட்டத்தில் அவள் பெயர் பச்சையாக விழுந்தது. நிரல் போய்விட்டது.

அப்போதுதான் அந்த நாற்காலிப் பக்கமிருந்து, எங்களுக்கு நன்றாகப் பழகிய குரல் கேட்டது.

"நான் இன்னும் பார்க்கலையே."