ஆளில்லாத கார்

குருநகர்க் கரையில், மாலை வெயில் உருகிக் கிடக்கும் முழங்காலளவு தண்ணீரில் யோசப்பின் நிற்கிறாள். அவள் கைபேசிக்குள் இப்போதுதான் விடிகிறது. கனடாவில் தங்கை ஜெயகௌரியின் வாசலில் ஆளில்லாத கார் ஒன்று உறுமியபடி பனிக்குள் வெண்புகை விடுகிறது. சாம்பிராணிபோல் சுருளும் அந்தப் புகையில் யோசப்பின் சொக்கிப்போகிறாள். "ஆரடி காருக்குள்ளை?" என்று கேட்கிறாள். "ஒருத்தருமில்லை அக்கா. நான் ஏற முன்னம் சூடாகட்டும் எண்டு விட்டிருக்கிறன். அத்தான் எங்கை?" அக்கா கைபேசியைக் கடல் பக்கம் திருப்புகிறாள். மண்ணெண்ணெய் விற்கிற விலையில் இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுப் போன அவள் கணவன் யாகோப்பு, எதிர்காற்றில் துடுப்பு வலித்து வருகிறான். துடுப்பு எழும்போதெல்லாம் தண்ணீர் பொன்னாய்ச் சிதறுகிறது. "இஞ்சின் இல்லாமலோ, அக்கா?" "ஓம். இண்டைக்கு நாலாம் நாள்." படகு கரை தட்டியதும் யாகோப்பு கைபேசியைப் பார்த்துக் கையசைக்கிறான், உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. பனிக்குள் நிற்கும் ஜெயகௌரி, கையுறையைக் கழற்றிவிட்டு அவனுக்குக் கையசைக்கிறாள்.