கட்டாரிலிருந்து ஜீவன்

மடுல்சீமையிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, மடிக்கணினித் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எல்லாரும் சுகமா இருக்கீங்களா?" என்றான் கட்டாரில் வேலை செய்யும் ஜீவன்.

"நல்லா இருக்கோம் தம்பி. தங்கச்சி கல்யாணத்துக்கு வருவீங்கதானே?"

"லீவு கெடைக்கலங்க."

"பரவாயில்ல. தையிலயே வச்சிருவோம் சம்பந்தி."

ஜீவனின் அப்பா கணபதி நிமிர்ந்தபடியே தலையசைத்தார். பக்கத்தில் மணப்பெண் சுதர்ஷினி, விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

விருந்தாளிகளின் வேன் ஸ்பிரிங்வெளிச் சந்தியைத் தாண்டியதும், ஜீவனின் அம்மா ராசம்மா திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"போதும் சாமி. நாலு மாசமா ஞாயித்துக்கிழமையெல்லாம் ஒரே சட்டையோட வர்ற. இவ கல்யாணம் முடியட்டும், ஒனக்குக் காரியம் செஞ்சிருவோம்."

கணபதியின் முதுகு வளைந்தது. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்குக் கல்யாணம் நடக்காது, வந்த சம்பந்தமும் போய்விடும் என்று, ஜீவன் கட்டாரில் செத்துப்போனதை மனைவியிடம்கூட அவர் மறைத்திருந்தார். ஜீவன் கடைசியாக அனுப்பிய வீடியோவை இணையப் பக்கத்தில் பதித்து, ஒரு விசையைத் தட்டினால் ஒரு பேச்சு மட்டும் ஓடி நிற்கும்படி புரோகிராம் எழுதியவள் சுதர்ஷினி.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நின்றிருந்த படம் அசைந்தது.

"சரிம்மா. நான் போறேன்."

சுதர்ஷினி கைகளை விலக்கிப் பார்த்தாள். அந்த வீடியோவில் ஜீவன் அப்படிச் சொல்லவே இல்லை.