1007-க்கு உரியவை

செல்வின் விபத்தில் இறந்ததும், வீட்டை இயக்கும் கணினியின் பயனர் பட்டியலிலிருந்து பிறப்பு இறப்புப் பதிவகம் அவன் பெயரை நீக்கியது. அவன் சேமித்தவை மட்டும் 1007 என்ற அவனுடைய பழைய பயனர் எண்ணின் பேரில் கிடந்தன. அந்த எண்ணுக்கு ஆளில்லாததால் மனைவி ஹெப்சியால்கூட அவற்றைத் திறக்க முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் குழந்தை பிறந்தது. பதிவகம் காலியாக இருந்த எண்ணை அதற்குக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மதியம் குழந்தை வீறிட்டு அழுதது. வீட்டுக் கணினி பட்டியலைப் பார்த்து, தூங்குவதற்காக 1007 வைத்திருந்த ஒலியைப் போட்டது. ஒரு பெண் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். நடுவில் அரிசி களையும் சத்தம்.

அது தன் குரல் என்று ஹெப்சிக்கு உறைக்கச் சற்று நேரமானது. இரவு வேலை முடிந்து, அவள் பள்ளி வேலைக்குப் போன பிறகு தனியாகத் தூங்குகிறவன் செல்வின். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று தினமும் கேலி செய்தவன், சொல்லாமல் பதிந்து வைத்திருக்கிறான்.

குழந்தை கண்ணை மூடியது.

பதிவகத்திலிருந்து அழைத்தார்கள். "மேடம், தப்பு நடந்துடுச்சு. உங்க வீட்டுக்காரர் நம்பரையே பாப்பாவுக்குப் போட்டுட்டோம். இப்பவே மாத்திடுறேன்."

"வேண்டாங்க," என்றாள் ஹெப்சி, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு பேரும் இப்பதான் தூங்குறாங்க."