அம்மா மாடியில் இருக்கிறாள்

"முதுகுப் பக்கம் சுருக்கம் தெரியுதா பாருடி. இது எழுபத்து மூணாவது கம்பெனி. இங்கயாவது கோட்டு மானத்தை வாங்காம இருக்கணும்."

கோட்டு, ஒரே அறையில் கூடத் தங்கியிருந்த நர்ஸுடையது. அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றவளை எல்லோரும் ஓவர்சியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடல் கடந்து வந்து, பாலம் கட்டும் படிப்பில் மேல்பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. வேலை பார்ப்பதற்கான விசா விண்ணப்பம் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

நர்ஸ் கோட்டின் முதுகை நீவிவிட்டாள். பத்து நிமிடத்துக்கு முன்புதான், மாடிப்படியில் நின்றபடி, ஓவர்சியரின் அண்ணன் ஊரிலிருந்து போனில் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே. தங்கச்சிக்குத் தெரிய வேணாம். விசா கைக்கு வர்றதுக்குள்ள நாட்டை விட்டு வெளிய காலெடுத்து வெச்சா எல்லாம் ரத்தாயிடும்னு அவளே சொல்லியிருக்கா. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. அப்பாவும் மறைக்கத்தான் சொல்றாரு. நீதான் கூடவே இருந்து பாத்துக்கணும்."

"சுருக்கம் ஒண்ணும் இல்ல. கிளம்பு, பஸ் போயிடும்" என்றாள் நர்ஸ்.

சாயங்காலம் ஓவர்சியர் திரும்பி வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பொண்ணு பாக்க வந்த கதைதான். எல்லாம் பிடிச்சிருக்காம். ஜாதகம் வரட்டும்ங்கறாங்க. விசா கையில வந்த அன்னைக்கே சேந்துக்கலாமாம். ரெண்டு மாசம் வரைக்கும் காத்திருப்பாங்களாம்."

"நல்ல சேதிதானேடி?"

"நல்ல சேதிதான்" என்றவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அலைச்சல் என்று நினைத்து நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நர்ஸுக்குக் கண்டமாக இருந்தது. ஓவர்சியர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிடுவாள்.

"அப்பா, அம்மா எங்க?"

"மாடியில இருக்காம்மா. துணி காயப்போடறா."

அடுத்த வாரம் அம்மாவுக்குப் பல் பிடுங்கியிருந்தது, பேசக்கூடாது. அதற்கடுத்த வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். பிறகு மறுபடியும் மாடி. அப்பாவுக்குப் பொய் பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு இருமுவார்.

"சரிப்பா. நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா."

நர்ஸ் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். அழும் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாதே.

இதற்கிடையே ஓவர்சியர் சும்மா இருக்கவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குள் விசா வராமல் போனால் என்ன செய்வது என்று இன்னும் இருபது கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டாள். "விசா இல்லையா? வந்ததும் சொல்லுங்க" என்று எல்லோரும் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். சாப்பாடு பாதியானது. கன்னம் ஒட்டிப்போனது. வேலைக் கவலை என்றே நர்ஸ் நினைத்தாள்.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை மதியம் விசா வந்தது. கம்பெனிக்காரர்களும் சொன்ன சொல் தவறவில்லை, திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள்.

நர்ஸ்தான் குதித்தாள். ஓவர்சியர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த மாசம் லீவு கேட்டு ஊருக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேன். இனிமே போனாலும் திரும்பி வரலாமே."

நர்ஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தரையில் அவள் எதிரே உட்கார்ந்து, அண்ணன் போன் செய்தது, அப்பா மறைக்கச் சொன்னது, தானும் உடந்தையாக இருந்தது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"நாலு அறை அறைஞ்சிடுடி. இத்தனை நாளா உன் முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கேன்."

ஓவர்சியர் அவளை அறையவில்லை. முந்தானையால் நர்ஸின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ என்னடி பண்ணுவே, பாவம். அன்னைக்குக் காலையிலயே சித்தி மெசேஜ் போட்டுட்டாங்க. அண்ணன் சத்தம் போட்டிருப்பான் போல, உடனே அழிச்சிட்டாங்க. அதுக்குள்ள நான் படிச்சிட்டேன். படிச்சிட்டுத்தான் இன்டர்வியூக்குப் போனேன்."

நர்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தெரிஞ்சுமா? ஏண்டி வாயைத் திறக்கல?"

ஓவர்சியர் மடியிலிருந்த கடிதத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகுதான் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

"தெரியும்னு சொன்னா, கிளம்பணுமேடி. நான் கிளம்ப மாட்டேன்னு அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சிருந்தா பொண்ணு ஓடி வந்திருப்பான்னு அப்பா நம்பிக்கிட்டிருக்காரு... அது அப்படியே இருக்கட்டும், சொல்லிடாதே."