தொண்ணூறு காட்டிய முள்

செல்வினும் நானும் ஒரே ஸ்கூல், ஒரே சர்ச். என் மகளுக்கு ஞானத் தகப்பனும் அவன்தான். தொண்ணூற்று நாலில் அவனுடைய பழைய காரை நான் வாங்கினேன். அறுபத்து நாலு மாடல்.

"எங்கேயும் ஒரு இடி கூட வாங்காத வண்டி மச்சான், குழந்தை இயேசு சத்தியமா" என்றான்.

விவேக் நகர் கோயிலில் ஃபாதர் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபோது, அவன் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஊருக்குள் ஸ்பீடாமீட்டர் ஒழுங்காகத்தான் காட்டியது. ஓசூர் ரோட்டில், அத்திபெலேக்கு முன்னால், கைப்பிடிச் சுவர் உடைந்த ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதை நெருங்கும்போது மட்டும், நான் முப்பதில் போனாலும் முள் தொண்ணூறுக்கு ஏறும். பாலத்தின் மேல் சட்டென்று சைபரில் விழும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மெக்கானிக் மஞ்சுநாத் கேபிளை மாற்றினார். பிறகு மீட்டரையே மாற்றினார். புது மீட்டரும் அதே இடத்தில் அதையே செய்தது. நான் மஞ்சுநாத்தைத்தான் திட்டினேன். செல்வினைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

அவனுக்கும் இந்த வேடிக்கையைக் காட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டிப்போனேன். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. வழியெல்லாம் கிரிக்கெட் பேசிக்கொண்டு வந்தவன், தூரத்தில் பாலம் தெரிந்ததும் பேச்சை நிறுத்தினான்.

முள் இன்னும் முப்பதிலேயே இருந்தது. அதற்குள் பக்கத்து சீட்டில் செல்வினின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.