காலைச் சொட்டு

கமலவேணியின் கணவர் இறப்பதற்கு முன் கொடுத்துவிட்டுப் போன விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்கள் ஒரு வெள்ளைச் சுண்டெலியின் உடம்பில் உயிரோடு இருந்தன. எல்லோருக்கும் செய்வதுபோல் எலியை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தது மருத்துவமனை. தினம் காலையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தால், செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும், விந்தணுவாக முதிராது. குழந்தை வேண்டுமென்றால் சொட்டை நிறுத்த வேண்டும். முதிர்ந்ததும் எலியை வாங்கிப்போய் அறுத்து எடுத்துக்கொள்வார்கள்.

அன்று காலை மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, எலிக்கு வயசாயிருச்சுங்க. இப்பவே சொட்ட நிறுத்துனாத்தான் குழந்தைக்கு வழி. அது செத்துட்டா உள்ள இருக்கறதும் போயிருமுங்க."

"இன்னிக்கே நிறுத்திர்றேனுங்க," என்றாள் கமலவேணி. போன மாதமும் இதையேதான் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்தாள். எலியின் முதுகில் பாதி முடி கொட்டியிருந்தது. அது வந்த புதிதில், காப்பி ஆற்றும்போது பழக்கதோஷத்தில் "என்னங்க" என்று வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டாள். மூன்று அறை ஃப்ளாட்டில் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து கரண்ட் பில், கீழ்வீட்டுக்காரி சண்டை, குழம்பில் உப்பு எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்லிவந்தாள்.

மிச்சமிருந்த மருந்தைக் கொட்டி, புட்டியைக் கழுவிக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனாள். பிறகு திரும்பி வந்து, அலமாரியிலிருந்த புதுப் புட்டியை எடுத்துத் திறந்து, கூண்டுக்கு முன் உட்கார்ந்தாள்.

"என்னங்க, வாயத் தொறங்க."